உண்டியல் மட்டும் போதுமா, ஐயா?

ஒக்ரோபர் 31, உலக சிக்கன தினம். 1924இல் மிலான் நகரில் கூடிய வங்கியாளர்கள் தொடக்கிவைத்த நாள். அந்தக் கிழமை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் பதாகை தொங்கும். கழுத்துப்பட்டியோடு முகாமையாளர் வருவார், 'சிறுதுளி பெருவெள்ளம்' என்பார். பிள்ளைக்கு ஓர் உண்டியல், வங்கியின் பெயர் போட்ட கொப்பி, சேமிப்புப் புத்தகம். படம் எடுத்தாயிற்று, பத்திரிகைக்கும் அனுப்பியாயிற்று.

வட்டி எத்தனை வீதம் என்று ஒரு பிள்ளையாவது எழும்பிக் கேட்டதுண்டா? கேட்கப் பழக்கினால்தானே! 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தின வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு நூற்றெழுபது கொடுத்தோம். பெருவெள்ளம் வந்தது உண்மைதான், உண்டியல் காசை அடித்துக்கொண்டு போக வந்தது.

சாதாரண தரத்தில் பெடியன் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று எழுதி 'ஏ' எடுக்கிறான். பாடப்புத்தக வியாபாரியின் காசேட்டைச் சதம் பிசகாமல் வங்கியோடு சரிக்கட்டி விடுவான். அதே பெடியன் பிறகு கடை திறந்து நடைமுறைக் கணக்கு எடுக்கும்போது, காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைக்கிறான். காசோலைப் புத்தகத்துக்கு என்ன கழிப்பார்கள், காசோலை திரும்பினால் எவ்வளவு, மேலதிகப்பற்றுக்கு என்ன வட்டி? பரீட்சையில் வராத கேள்விகள், ஆகவே தேவையில்லாத கேள்விகள்.

கடை தள்ளாடத் தொடங்க, மீற்றர் வட்டிக்காரரிடம் போகிறான். அவர் தங்கமான மனுசர், ஈடு கேட்பதில்லை. திகதியும் தொகையும் போடாமல் இரண்டு காசோலையில் கையெழுத்து, அவ்வளவுதான். நினைத்த தொகையை அவரே பிறகு எழுதிக்கொள்வார். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். திரும்பின காசோலையோடு அவர் பொலிசுக்குப் போகலாம். சம்பளமில்லாத வசூல்காரராகச் சட்டமே வந்து சேரும். 'ஏ' எடுத்தவன் வாங்கில் குந்தியிருப்பான்.

படியாத சனத்தின் கதை இது என்று சொல்லும் கனவான்களே, சட்டம் படித்தவர்கள் செய்ததைப் பாருங்கள். நுண்நிதிச் சட்டம் 2016இல் நிறைவேறியது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போகிறது என்றார். சட்டம் இருந்தது, வட்டியும் இருந்தது. யுத்தத்தில் புருசனை இழந்தவளின் படலையில் கிழமைக்கொருக்கால் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். "அம்மா இல்லையெண்டு சொல்லு" என்று பிள்ளையை முன்னுக்கு அனுப்பிவிட்டு அவள் குசினிக்குள் ஒளிப்பாள். அந்தப் பிள்ளையின் நிதிக்கல்வி அங்கேதான் நடக்கிறது. உண்டியல் கொடுத்த ஐயா அதற்குப் படம் எடுக்க வருவதில்லை.

இந்த முறை கொப்பிக்குப் பதிலாகக் கட்டண அட்டவணையைக் கொண்டுவாருங்கள் ஐயா. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பத்தாம் வகுப்புக்கு உரத்து வாசியுங்கள். பக்கத்து வங்கியின் அட்டவணையையும் அருகில் வைத்து, எது மலிவு என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள்.

மாட்டார். அதிபரும் கேட்கமாட்டார். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் வெற்றிக்கிண்ணமும் பின்னே யார் தருவது?