கொசு தின விழா

(உலகக் கொசு தினமான ஆகஸ்ட் 20-க்கு முதல் நாள். வார்டு அலுவலகத்தில் கவுன்சிலர் பேனர் வாசகம் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு காலத்தில் கணக்குப் பாடம் எடுத்த வாத்தியார், தெருவில் டெங்கு என்று சொல்ல வருகிறார்.)

கவுன்சிலர்: வாங்க சார்! நாளைக்குக் கொசுப்புகை அடிக்கிற எட்டு வண்டி, மேளதாளத்தோட ஊர்வலம். ‘கொசுவே இல்லாத வார்டு!’ வாசகம் எப்படி?

வாத்தியார்: பேனர் மூலையில ஸ்டாம்பு சைசுல ஒரு மீசைக்காரர் இருக்காரே, யாரு?

கவுன்சிலர்: ரொனால்டு ராஸ் சார். 1897-ல செகந்தராபாத்துல, கொசு வயித்துல மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிச்சவர். நோபல் பரிசெல்லாம் வாங்கியிருக்கார்.

வாத்தியார்: அவரு கணக்கும் போட்டவர் தம்பி. ‘எல்லாக் கொசுவையும் கொல்ல முடியாது, அப்புறம் எதுக்கு வீண் வேலை?’ன்னு அன்னைக்கே சிலர் கேட்டாங்க. 1910-ல புத்தகம் எழுதி, தலைக்கு இத்தனை கொசுங்கிற ஓர் அளவுக்குக் கீழே போனாலே மலேரியா தானா அடங்கும்னு சமன்பாட்டுல காட்டினார்.

கவுன்சிலர்: அப்ப பாதிக் கொசு போனாப் போதுமா? நாலு வண்டி வாடகை மிச்சம்!

வாத்தியார்: டெங்குவுக்கும் இதே கணக்குதான். ஒரு நோயாளியால மூணு பேருக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. கொசு பாதியானா ஒன்றரை. இன்னும் பரவும். மூணுல ஒரு பங்குக்கும் கீழே போனாத்தான் ஒண்ணுக்குக் கீழே இறங்கும், நோய் அடங்கும்.

கவுன்சிலர்: ஒன்றரை ஆளா? வாக்காளர் பட்டியல்லயே அப்படி ஒருத்தன் இல்லையே!

வாத்தியார்: நூறு பேரால நூத்தம்பது பேருக்கு வரும். அத்தனை பேரும் பட்டியல்ல இருப்பாங்க.

கவுன்சிலர்: சரி, புகைக்குக் கொசு சாகுமா, சாகாதா?

வாத்தியார்: பறக்கிறது சாகும். டெங்கு கொசு வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியில உட்கார்ந்திருக்கும். தெருப்புகை அங்க எட்டாது, தொட்டியில நெளியற புழுவையும் தொடாது. ஒரு வாரம் பத்து நாள்ல புதுக் கொசு வந்துடும்.

கவுன்சிலர்: வரட்டுமே, மறுபடி அடிப்போம். டெண்டர்தான் இருக்கே!

வாத்தியார்: கணக்குல இன்னொரு வழியும் இருக்கு. கொசு ஒருத்தரைக் கடிச்சு நோயை வாங்கணும், பிழைச்சுக் கிடந்து இன்னொருத்தரைக் கடிச்சுக் கொடுக்கணும். ஆக ரெண்டு கடி. ஒவ்வொரு கொசுவும் நம்மைக் கடிக்கிறது பாதியானா, பரவுறது கால்வாசியாயிடும். ஜன்னலுக்கு வலை, முழுக்கைச் சட்டை...

கவுன்சிலர்: வலையில என் படம் போடலாமா?

வாத்தியார்: போன வருஷம் போட்ட படமே இன்னும் வேலை செய்யுது. அந்தப் பேனர் உங்க மொட்டை மாடியில சுருண்டு கிடக்கு. மழைத்தண்ணியில புழு. பார்த்துட்டுத்தான் வர்றேன்.

கவுன்சிலர்: ஐயையோ! இப்ப என்ன செய்யறது?

வாத்தியார்: பேனரை அப்புறப்படுத்துங்க. வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம் எல்லாத்தையும் காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவச் சொல்லுங்க. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. ஓரத்துல ஒட்டின முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஒரு துடைப்பம் எடுத்து நீங்களே ஆரம்பிச்சு வைங்க.

கவுன்சிலர்: துடைப்பமா? அது வேற கட்சிச் சின்னம் சார்!

வாத்தியார்: அப்ப தேங்காய் நார் எடுங்க. எதை எடுத்தாலும் சரி, தொட்டியைத் தேய்ங்க. கொசுவுக்கு ஓட்டு கிடையாது. காய்ச்சல்ல கிடக்கிறவங்களுக்கு இருக்கு.