சிலையாகப் பிறந்திருக்க வேண்டும்

சென்னையில் இருந்த இடத்திலிருந்து கிளப்பப்பட்டு, மறுபடியும் அங்கேயே மரியாதையோடு திரும்பி வந்த ஒரே ஒரு பெண்மணியைத்தான் எனக்குத் தெரியும். பெயர் கண்ணகி. சிலையாக இருக்கிறார்.

1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுத்தினார்கள். 2001 டிசம்பரில் லாரி இடித்துவிட்டது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி இரவோடு இரவாகத் தூக்கினார்கள். தமிழ்நாடே கொதித்தது. அறிக்கைகள் பறந்தன, மேடைகள் அதிர்ந்தன, ஆட்சியும் மாறியது. 2006 ஜூனில் அம்மையார் அதே கடற்கரையில் மறுபடி எழுந்தருளினார். இடையில் தங்க வைத்ததும் அருங்காட்சியகத்தில்தான், தகரக் கொட்டகையில் அல்ல. யாரும் அவரிடம் கைரேகை வாங்கவில்லை. ரேஷன் கார்டு எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்கவில்லை. "நீங்க நிக்கிறது ஆட்சேபகரமான புறம்போக்கும்மா, பெரும்பாக்கத்துல ஏழாவது மாடி அலாட் ஆகியிருக்கு, சாயங்காலத்துக்குள்ள சாமானைக் கட்டுங்க" என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை.

சிலையைத் தூக்குவதற்கு ஓராண்டு முன்பு, 2000இல், அவர் பெயரிலேயே ஒரு ஊர் உண்டாகியிருந்தது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் சாலை ஓரத்திலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி இறக்கிய இடம். ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. சிலை திரும்பி வந்துவிட்டது. சிலையின் பெயரைச் சுமக்கும் சனம் இருபத்தைந்து வருடம் ஆகியும் திரும்பவில்லை. நீதி கேட்டு அரசன் வாசலில் போய் நின்றவளின் பெயரை, அரசன் வாசல் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருக்கும் குடியிருப்புக்கு வைக்க அசாத்தியமான நகைச்சுவை உணர்வு வேண்டும். நம் அரசாங்கங்களுக்கு அது இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

கதை இப்படித் தொடங்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1970இல் குடிசை மாற்று வாரியம் உருவானது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்ற அண்ணாவின் வாக்கைத் தலையில் சூடிக்கொண்ட வாரியம். அப்போது குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுந்தது. நொச்சிக்குப்பத்து மீனவர் அலைச்சத்தம் கேட்கும் தூரத்திலேயே குடியிருந்தார். கட்டடம் ஒழுகியிருக்கலாம், படி உடைந்திருக்கலாம். ஆனால் கடல் 25 கிலோமீட்டர் தள்ளிப் போகவில்லை. அப்புறம் நகரத்து மண்ணுக்கு விலை ஏறியது. விலை ஏறிய மண்ணில் ஏழை சிரித்தால் இறைவன் தெரிவதில்லை போலும். வாரியம் நகரத்துக்குத் தெற்கே போய்விட்டது: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல், எட்டு அடுக்குப் பெட்டிகளாக. 2021இல் வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று புதுப் பெயர். ஐம்பது வருடமாகக் குடிசையை மாற்றுவதாகச் சொன்னவர்கள் கடைசியில் பலகையை மாற்றினார்கள்.

சரி, ஏன் கிளப்பினார்கள்? ஆறு மூச்சுவிட வேண்டுமாம். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் மூச்சுத் திணறலாம். ஓலையும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள்தான் தொண்டையில் சிக்கிய முள்ளாம்.

வாருங்கள், ஆற்றோரமாக ஒரு நடை போய் வருவோம். பக்கிங்காம் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கரையில் அல்ல, கால்வாய்க்குள்ளேயே. திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் வரை கால்வாயின் தலைமேல் நிலையங்களே உட்கார்ந்திருக்கின்றன. அடையாற்றுக்கு வந்தால், விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. கூவத்தில் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்காக நட்ட தூண்கள். 2009இல் அடிக்கல். புதிய அரசு வந்து, தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கின்றன என்று 2012இல் வேலையை நிறுத்தியது. அட, ஆற்றைப் பற்றி ஒரு நிமிடம் யாரோ கவலைப்பட்டார்கள் என்று நாம் நிமிர்ந்து உட்காரும் முன்பே கட்சிகள் இடம் மாறின, நியாயங்களும் இடம் மாறின. 2022 மே மாதம் அதே சாலைக்கு இரண்டடுக்காக மறுபடி அடிக்கல். பத்து வருடம் மொட்டையாக நின்ற தூண்களை ஒருவரும் ஆக்கிரமிப்பு என்று அழைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அரசு ஆற்றுக்குள் இறங்கினால் அதன் பெயர் உள்கட்டமைப்பு. முனியம்மா கரையில் அடுப்பு மூட்டினால் அது சுற்றுச்சூழல் குற்றம்.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசே கணக்குச் சொன்னது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னால் எழுதியது. எந்த மனிதர் என்பதைக் கண்டுபிடிக்க அரசுக்கு அறிக்கை எல்லாம் தேவைப்படவில்லை. அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்தான். உடனே வண்டிகள் வந்தன. "உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிய இடம் எது தெரியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னையின் மழைத் தண்ணீரெல்லாம் வந்து தங்கிக் கடலுக்குப் போகும் வடிநிலம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்ததாகச் சொல்வார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியபோது 1,248 ஹெக்டேர்தான். மிச்சத்தில் மென்பொருள் வளாகம், அகலச் சாலை, அரசின் ஆய்வு நிறுவனங்கள், பெருங்குடியின் குப்பை மலை. நகரமே தன் கழிவைக் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில், நகரத்துக்கு வேண்டாதவர் என்று முடிவானவர்களையும் இறக்கினார்கள். வரைபடத்தில் பார்த்தால் கச்சிதமான வகைப்பாடு.

அப்புறம் என்ன? ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் குளம் மாதிரி கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வெள்ளத்தில் இருந்தவரைத் தூக்கி வெள்ளத்தில் விடுவதற்கு மக்கள் வரிப்பணம் ஆயிரக்கணக்கான கோடி. இதற்குத் திட்டமிடல் என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கினவர்கள் போட்ட திட்டம்!

பெரும்பாக்கத்துக்குப் பெரும்பணம் வந்தது ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்திலிருந்து. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழிகாட்டி நெறிகளில் ஓர் அழகான வாசகம் உண்டு: நகர ஏழைகளுக்கு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே வீடு கிடைக்கக் கவனம் எடுத்துக்கொள்ளப்படும் என்ற பொருளில். கவனம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவளுக்கும், புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரித்தவனுக்கும், ஆழ்வார்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவளுக்கும் 25 கிலோமீட்டர் தள்ளி வீடு ஒதுக்குவதென்றால் கவனமில்லாமல் முடியுமா?

அந்தப் பாத்திரம் தேய்க்கும் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் இருந்தபோது ஏழு மணிக்குக் கிளம்பி, பத்தே நிமிடம் நடந்து, வேலைக்குப் போனாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டாள். இப்போது விடிவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். லிஃப்ட் வேலை செய்தால் இறங்கி வருகிறாள், இல்லாவிட்டால் ஏழு மாடிப் படி. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை, நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். டிக்கெட்தான் இலவசம், போக வர நாலு மணி நேரம் அவள் கையிலிருந்து போகிறது. ஆழ்வார்பேட்டை அம்மா மூன்று நாள் பார்த்தாள், நாலாம் நாள் வேறு ஆள் வைத்துவிட்டாள். "தினமும் லேட்டா வந்தா நான் என்னம்மா பண்றது?" நியாயமான கேள்விதான். அந்த அம்மா வீட்டுக் கழிவுநீர் எந்த ஆற்றில் கலக்கிறது என்பது மட்டும் யாரும் கேட்காத கேள்வி.

இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். இதை எந்தக் கோப்பிலும் பார்க்க மாட்டீர்கள். கோப்பில் அவர்கள் 'பயனாளிகள்'. சாதி பார்த்து யாரையும் அனுப்பவில்லை என்று அதிகாரி சத்தியம் செய்வார். உண்மையாகவே அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி இந்த மண் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். நடுவில் ஓர் ஓடை அல்லது சுடுகாடு. ஊரில் ஆண்டை செய்ததை நகரத்தில் அரசாணை செய்கிறது, அவ்வளவே. ஆண்டையாவது தன் வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று சேரியைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருந்தான்.

(சேரி என்றால் பழைய தமிழில் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். வேளச்சேரியில் அந்தச் சேரிக்குச் சதுர அடி விலை கேட்டால் மயக்கம் வரும். செம்மஞ்சேரியில் அதே சேரி, முகவரியில் எழுதினால் வேலை கிடைக்காத சொல். விலாசம் கேட்கும் இடத்தில் கண்ணகி நகர்ப் பையன்கள் 'துரைப்பாக்கம்' என்று எழுதுவது ஏன் என்று அரசு ஒரு கமிட்டி போட்டு விசாரிக்கலாம்.)

கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஓர் இடம் இருந்தது. தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த தலித் பெண் தலைவரின் பெயர். 2019 டிசம்பரில் அங்கேயும் இயந்திரம் போனது, அவர்களுக்கும் பெரும்பாக்கம். அதே கூவம் சுற்றி ஓடும் தீவுத்திடலைச் சுற்றி 2024இல் இரவு விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா கார் பந்தயம் நடந்தது. ஆறு நன்றாக மூச்சுவிட்டிருக்கும், பெட்ரோல் புகையோடு.

தவறு நடந்துவிட்டது என்று அரசுக்கு உறுத்தும்போது அது பெயிண்ட் வாங்கும். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தன. அழகானவைதான், வரைந்த கைகளை நான் குறை சொல்லமாட்டேன். படம் எடுக்கக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். சுவரில் சிரிக்கும் குழந்தையின் முகம் நாலு மாடி உயரம். சுவருக்கு உள்ளே நிஜக் குழந்தைக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் இல்லை. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியபோது அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். சால்வைகள் ஓடிவந்தன, செல்ஃபிகள் ஓடிவந்தன. 'கண்ணகி நகரின் பெருமை' என்றார்கள். கண்ணகி நகரின் சிறுமை யாருடைய சாதனை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பரிசுக்கும் உரியவர்கள் மேடையில்தான் இருந்தார்கள்.

2022 மே. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரை இடித்தார்கள், நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி. இடிக்காதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்த ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அறுபது வயதைத் தொட்ட மனிதர். இங்கே என் பேனாவுக்குக் கிண்டல் வரவில்லை, மன்னிக்க வேண்டும். ஒரு மனிதன் எரிந்த பிறகுதான் சட்டமன்றத்தில் ஒரு வாக்கியம் பிறந்தது: இனி மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்திலேயே இடம் கொடுப்போம் என்று. அப்படியானால் பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது! நேற்றுவரை இல்லாத மண் ராத்திரியில் முளைத்துவிட்டதா? இருபது வருடமாக, எத்தனை ஆயிரம் குடும்பங்களிடம், "சிட்டிக்குள்ள இடமே இல்லம்மா" என்று சொன்னவர்கள் எந்த வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்கள்?

இதோ, இந்த நகரத்துக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் வருகிறது, 2026 முதல் 2046 வரை. ஆலோசனைக் கூட்டம், குளிர்சாதன அரங்கு, பவர்பாயிண்ட். நிலைத்த வளர்ச்சி, அனைவரையும் உள்ளடக்கிய நகரம் என்கிற சொற்கள் முந்திரி பக்கோடாவோடு பரிமாறப்படும். உள்ளடக்குவது என்றால் என்ன என்று பெரும்பாக்கத்தில் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். முந்நூற்றுச் சொச்சம் சதுர அடிக்குள் ஆறு பேரை அடக்குவது.

நான் ஒரு மனு தயாரித்திருக்கிறேன். தலைமைச் செயலகத்துக்கு நேரில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், பஸ் நேரத்துக்கு வந்தால். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள அனைத்துக் குடும்பங்களையும் அரசு இன்று முதல் சிலைகளாக அறிவிக்க வேண்டும். அறிவித்தால் மறுகுடியமர்வுக் கொள்கை தனியாகத் தேவைப்படாது, முன்னுதாரணம் மெரினாவில் நிற்கிறது. ஐந்து வருடத்துக்குள் ஆட்சி எப்படியும் ஒரு தடவை மாறும். வருகிறவர்கள் போனவர்களைத் திட்டிக்கொண்டே, மேளதாளத்தோடு எங்களை எடுத்த இடத்தில் திரும்ப வைத்துவிடலாம். பீடம் பெரிதாக வேண்டாம். உட்கார இடம் கேட்க மாட்டோம். விடியற்காலை பஸ்ஸில் நின்று நின்று எங்களுக்குப் பழகிவிட்டது.