கேப்டன் ஃபெயில், காதல் பாஸ்

கேள்வி: தோழிகள் எல்லாரும் ஐஸ் ஹாக்கி காதல் நாவலாகப் படித்துத் தள்ளுகிறார்கள். எனக்கு ஹாக்கி விதி ஒன்றுகூடத் தெரியாது. படித்தால் புரியுமா? (திருச்சி)

பதில்: கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர், இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி, பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. இவ்வளவு போதும், முந்நூறு பக்கம் தாண்டிவிடலாம். எல் கென்னடியின் 'தி டீல்' (2015) நாவலில் தொடங்குங்கள். அதில் ஆட்டத்தைவிட அரட்டை அதிகம். அரட்டையும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: அதன் கதையைச் சொல்லுங்களேன். முடிவை மட்டும் சொல்ல வேண்டாம். (மதுரை)

பதில்: பிரையர் என்றொரு கற்பனைப் பல்கலைக்கழகம். ஹாக்கி கேப்டன் காரெட் நெறியியல் தேர்வில் கோட்டை விடுகிறான். மார்க் சராசரி இறங்கினால் ஆட முடியாது. அதே தேர்வில் இசை மாணவி ஹன்னா பிரமாதமாகத் தேறியிருக்கிறாள். 'நீ எனக்குப் பாடம் சொல்லிக்கொடு. உன் மனதில் இருக்கும் அந்தப் பையன் உன்னைத் திரும்பிப் பார்க்க நான் உன்னோடு சுற்றுகிறேன்' என்று ஒப்பந்தம். நெறியியலில் ஃபெயிலானவன் வேறெப்படி யோசிப்பான்? முடிவை நான் எங்கே சொல்வது, அட்டையே சொல்லிவிடுகிறதே!

கேள்வி: முடிவு தெரிந்த கதையைப் போய் விடிய விடியப் படிக்கிறாள் என் மனைவி. இதில் என்ன இருக்கிறது? (சேலம்)

பதில்: ஐ.பி.எல். மறு ஒளிபரப்பை நீங்கள் பார்த்ததே இல்லையா? சரி, சண்டை வேண்டாம். 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' சங்கம் இவ்வகை நாவலுக்கு இரண்டே இலக்கணம் வைத்திருக்கிறது: நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அதாவது ஜோடி சேரும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுபவர் வாசகியை இருட்டான இடங்களுக்கும் கூட்டிப்போகிறார். ஹன்னா பள்ளி நாளில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். காரெட்டின் அப்பா புகழ்பெற்ற ஹாக்கி வீரர். வீட்டுக்குள் கை நீட்டுகிறவர். அந்த மனிதர் புகழ் சம்பாதித்த அதே ஆட்டத்தைத்தான் மகனும் ஆடியாக வேண்டும், அவர் பணத்தில்! கடைசியில் அந்தப் பணத்தை நிறுத்திவிடுவதாகச் சொல்லித்தான் ஹன்னாவை மிரட்டுகிறார். அவளும் பொய் சொல்லி விலகுகிறாள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் பிரிவுதான். எனக்கும் அங்கே எரிச்சல் வந்தது. ஆனாலும் இந்தப் பெண் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்ததால்தான் அவள் பயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது. கோப்பை யாருக்கு என்பதற்கு எந்த இலக்கணமும் கிடையாது. பதற்றம் வேண்டுமானால் அங்கே பட்டுக்கொள்ளலாம்.

இன்றிரவு விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி அந்தப் பிரிவுக் கட்டத்தில் இருக்கிறாரோ என்னவோ.

கேள்வி: விளையாட்டா இல்லை உலகில்? ஏன் ஐஸ் ஹாக்கியே? (நாகர்கோவில்)

பதில்: மற்றவையும் உண்டு. சூசன் எலிசபெத் ஃபிலிப்ஸ் 1994-லேயே 'இட் ஹேட் டு பி யூ' நாவலில் ஒரு பெண்ணை அமெரிக்கக் கால்பந்து அணிக்கு முதலாளி ஆக்கினார். அலி ஹேசல்வுட் சதுரங்கத்திலேயே காதலை நுழைத்தார் ('செக் & மேட்', 2023). ஆனால் ஹாக்கியில் முரட்டுத்தனத்துக்கு உரிமமே இருக்கிறது. என்.எச்.எல். என்ற தொழில்முறை லீக் ஆட்டத்தில் கைகலந்தால் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டு மறுபடி ஆடவிடுவார்கள். கல்லூரி ஆட்டத்தில் அது நடக்காது, வெளியேற்றம்தான். களத்தில் பல்லை உடைக்கிறவன் அவளிடம் மட்டும் பூனைக்குட்டி ஆகிறான் என்றால், எந்த ஊரில்தான் விற்காது?

கேள்வி: நம் ரமணிசந்திரன் எழுதாததையா இவர்கள் எழுதிவிட்டார்கள்? (தஞ்சாவூர்)

பதில்: முறைக்கும் ஹீரோ, தன்மானம் விடாத ஹீரோயின், நடுவில் ஒரு தப்பெண்ணம். அஸ்திவாரம் ஒன்றுதான். ரமணிசந்திரன் படுக்கையறைக் கதவை மரியாதையாகச் சாத்திவிடுவார். இவர்கள் கதவையே கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகளுக்கு 'ஐஸ்பிரேக்கர்' வாங்கினேன். அட்டையில் அழகான கார்ட்டூன் ஜோடி. நல்ல புத்தகமா? (சென்னை)

பதில்: மேலே கழற்றிய கதவைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா? ஹன்னா கிரேஸின் அந்த நாவல் (2022) பெரியவர்களுக்கானது. அட்டையைப் பார்த்து ஏமாந்த பெற்றோர் அமெரிக்காவிலும் உண்டு. முதலில் நீங்கள் படியுங்கள். அப்புறம் உங்களிடமிருந்து மகளால் வாங்க முடியாது.

கேள்வி: புத்தகத்து ஹீரோ மாதிரியே ஒரு நிஜ வீரர் இருக்கிறார். ரசித்தால் தப்பா? (புதுச்சேரி)

பதில்: மனசுக்குள் என்றால் தப்பில்லை. சியாட்டில் கிராக்கன் என்ற ஹாக்கி அணியே டிக்டாக்கில் இந்த வாசகிகளை வரவேற்றுக் குஷிப்படுத்தியது. கருத்துகள் எல்லை மீறின. 2023-இல் ஒரு வீரரும் அவர் மனைவியும் 'போதும்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. காரெட்டை எவ்வளவு வேண்டுமானாலும் ரசியுங்கள். அவன் மனைவி கமெண்ட் படிக்கப் போவதில்லை.

கேள்வி: கிரிக்கெட் வீரனை வைத்துக் காதல் நாவல் எழுதப்போகிறேன். டெஸ்டா, டி20-யா? (ஈரோடு)

பதில்: டெஸ்டில் ஐந்து நாளும், தினம் ஒரு தேநீர் இடைவேளையும் கிடைக்கும். காதல் வளர்க்கத் தோதான ஆட்டம். டிராவில் மட்டும் முடித்துவிடாதீர்கள், சேலத்து அம்மா வீடு தேடி வந்துவிடுவார்.