மருமவனே, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை

"சிலிண்டர், பிஸ்டன், ரிங்கு, எல்லாம் சேத்து ஃபுல் கிட்"னு வந்தத நானும் எட்டிப் பாத்துட்டேன். விலையப் பாத்ததும் உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு, பொண்ணு பாக்கப் போன அன்னிக்குக்கூட அது வரல.

வாங்கு மருமவனே, நான் வேணாங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மரம் அறுக்கற மிஷினோட பழைய போர் எதுனால சீஸ் ஆச்சு? தெரியாதா? அப்ப ரெண்டு கிட்டா ஆர்டர் போட்டுரு. முதல்ல மாட்டுனது போறப்ப அடுத்தது கையில ரெடியா இருக்கும், கூரியர் காசாவது மிச்சம்.

சைலன்சரைக் கழட்டி உள்ள பாத்தியா? பொக வெளிய போற பக்கம் பிஸ்டன் சிராய்ச்சிருந்தா, ஆயில் பத்தல, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது. கார்புரேட்டர் பக்கம் கீறியிருந்தா மரத்தூளு உள்ள போயிருக்கு, அது நீ ஃபில்டர் கழுவுற லட்சணம். ஒனக்குப் பொகப் பக்கம்தான் போயிருக்கு. லிட்டர் பெட்ரோலுக்கு எம்புட்டு ஆயில் ஊத்துன? "ஒரு மூடி மாமா." எந்த மூடி? தண்ணி பாட்டில் மூடி! ஹஸ்க்வர்னாக்காரன் தன்னோட ஆயிலுன்னா 20 மில்லி, வேற டூ-டி ஆயிலுன்னா 30 மில்லிங்கிறான். அவன் என்ன கண்டான், நீதான் கைராசிக்காரனாச்சே.

காத்து விஷயத்தையும் விட்டுராத. கிராங்க் சீலு, கார்புரேட்டருக்கும் போருக்கும் நடுவுல இருக்கற ரப்பரு, ரெண்டும் காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். அது வழியா காத்து கூடுனா பெட்ரோல் கொறையும். ஆயிலு பெட்ரோலோடதானே வருது, அதுவும் கொறையும். சாவறதுக்கு முன்னாடி மிஷினு எப்பவும் இல்லாத வேகத்துல கத்தும். நீயும் "இன்னிக்கி சூப்பரா ஓடுது மாமா"ன்னு இன்னும் ரெண்டு மரத்தைக் கேட்டு வாங்குவ.

2018 நவம்பர்ல கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்பையெல்லாம் சாய்ச்சுப் போட்டப்ப, அருவா புடிக்கத் தெரியாதவன்கூட மிஷின் வாங்குனான். வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டுன மகராசனும் உண்டு. அந்த வருசம் மெக்கானிக்கு வீட்டுப் பக்கம்தான் புயல் அடிக்கல.

சரி, அந்தப் பழைய போரை எங்க கடாசுன? போயி எடுத்தா. அது அலுமினியம், உள்பக்கம் மட்டும் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. பல நேரம் பிஸ்டன்தான் உருகி அது மேல அப்பியிருக்கும். பாத்ரூம் கழுவற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுல தொட்டு அப்புன எடத்துல மட்டும் தடவு. நொரைச்சுக் கரையும், பூச்சுக்கு ஒண்ணும் ஆவாது. போர்ட் ஓரத்துல வழிய விட்டியோ, வெறும் அலுமினியத்தைத் தின்னுரும். கையுறை போட்டுக்கிட்டு வெளிய வச்சுச் செய்யி, முடிஞ்சதும் தண்ணியில அலசு. அப்பறம் நகத்தை ஓட்டிப் பாரு. எங்கயும் தட்டலேன்னா போர் உசுரோட இருக்கு. மீட்டியோர்னு இத்தாலிக்காரன் பிஸ்டன் பண்றான், அது மட்டும் போதும். பழைய புல்லட்டு இரும்புப் போரை லேத்துல குடைஞ்ச நெனப்புல இதையும் குடையக் குடுத்துராத, பூச்சு போனா எல்லாம் போச்சு.

பூச்சே உரிஞ்சிருந்தாத்தான் கிட்டு. வந்ததும் போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வைக்காம, போர்ட் ஓரத்தை விரலால தடவிப் பாரு. கூரா நிக்கற ஓரம் ரிங்கைக் கொக்கி போட்டு ஒடிக்கும், மழுங்குனதாத்தான் இருக்கணும். ரிங்கைத் தனியா போர்ல எறக்கி அதோட வாய் எவ்வளவு தொறந்திருக்குன்னு அள. கால் மில்லிமீட்டர் சுத்துப்பட்டுல நின்னா சரி. ஒரு மில்லிமீட்டர் கிட்டத் தொறந்து கெடந்தா அனுப்புனவனுக்கே திருப்பி அனுப்பு. மலிவு கிட்டோட வர்ற பிஸ்டன் பின் லாக்கை மட்டும் நம்பாத. அது கழண்டா புதுப் போரையே உழுதுரும். கம்பெனி லாக்கு தனியா வாங்கு. பிஸ்டன் மண்டையில இருக்கற அம்பு சைலன்சரைப் பாக்கணும், ஒன்னையப் பாக்கக் கூடாது.

இன்னொண்ணு, 52 போர் போடப்போறேன்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரியறியாமே? ஒன் ஹஸ்க்வர்னா 372-க்குக் கம்பெனி குடுத்தது 50 மில்லிமீட்டரு, 70.7 சிசி. 52 போட்டா 76 சிசி ஆவும், வாஸ்தவந்தான். செயினை அரம் வச்சுத் தீட்டி எத்தனை நாளாச்சு மருமவனே? தென்ன மரத்துக்கு சிசி தெரியாது, பல்லுதான் தெரியும். அதுலயும் எக்ஸ்-டார்க் 372 வேற, பழைய 372 வேற, ஒண்ணோட போர் இன்னொண்ணுக்குச் சேராது. முதல்ல ஒன்னுது எதுன்னு பாரு.

மாட்டுனதும் மொத டேங்குக்கு விரட்டாத. கார்புரேட்டர்ல பெட்ரோலு கொஞ்சம் கூடுதலாவே போவட்டும். ஆயிலு அளக்க மருந்துக் கடையில 20 மில்லி சிரிஞ்சு குடுப்பான், ஒன்றரை ஊசி போட்டா 30 மில்லி. மாட்டுக்கான்னு கேட்டா ஆமான்னு சொல்லு, பெருசா ஒண்ணும் பொய்யில்ல.