கேவலாரிலும் ஒரு மடு

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் எழுதிக்கொள்வது.  

கோயிலும் குளமும் இல்லாத குளிர்தேசத்தில், விரதம் எது, திருவிழா எது என்று அறியாமல் பிள்ளைகளை வளர்க்கிறேனே என்று சென்ற கடிதத்தில் தாங்கள் விசனப்பட்டு எழுதியிருந்தீர்கள். அத்தான், நிலைமை அதற்கு நேர்மாறானது. மன்னாரில் இருந்த காலத்தில் நம் வீட்டுக்கு வந்த திருநாள்களைக் காட்டிலும் இந்த ஜேர்மனியில் என் வீட்டுக்கு வருகிற திருநாள்கள் அதிகம். அவற்றுக்கெல்லாம் பலகாரம் சுட்டுச் சுட்டு உங்கள் தங்கச்சி இளைத்துப் போயிருக்கிறாள், அவற்றையெல்லாம் உண்டு உண்டு நான் பெருத்துப் போயிருக்கிறேன்.

இத்தேசத்தில் புதிதாகக் குடிபுகுந்து விலாசத்தைப் பதியப் போகிறவனிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, உன் மதம் என்ன என்பது. அதைக் கேட்டவுடன், நம் நாட்டு அனுபவத்தினால், வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்த்தேன். ஆனால் இவர்கள் கேட்பது அடிப்பதற்கல்ல, வரி பிடிப்பதற்கு. கத்தோலிக்கர் என்றோ லூத்தர் சபையார் என்றோ பதிந்துகொண்டவர், தாம் கட்டும் வருமானவரியின்மேல் இன்னும் நூற்றுக்கு 9 பங்கைத் திருச்சபை வரியாகக் கட்டவேண்டும் என்பதும், அந்தத் தொகை சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னரே கழிக்கப்பட்டுவிடும் என்பதும் எங்கள் மாநிலத்துச் சட்டம். நானோ உள்ளதை உள்ளபடி சொல்வது உத்தமம் என்று கருதி, நாங்கள் சைவர் என்றும், ஆயினும் ஆனியிலும் ஆடியிலும் மடு மாதா திருவிழாவுக்குப் போவது குடும்ப வழக்கம் என்றும், சிவராத்திரியன்று பாலாவியில் குடம் மொண்டு கேதீச்சரத்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே நீர் வார்த்த எங்கள் ஐயாதான் வருஷந்தவறாமல் மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தியவர் என்றும், பெருநாளன்று எருக்கலம்பிட்டி முஸ்லிம் வீடுகளிலிருந்து வட்டிலப்பம் வராவிட்டால் எங்கள் அம்மா அங்கே யாருக்குச் சுகமில்லையோ என்று ஆள் விட்டு விசாரிப்பார் என்றும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அந்த உத்தியோகஸ்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். அதில் 'வேறு' என்று எழுதினார். அன்று முதல் நான் அரசாங்க ரீதியாக வேறு.

என்னோடு வேலைசெய்யும் பேசாலைக்காரர் ஒருவர் கத்தோலிக்கர் என்றே பதிந்துகொண்டார். மாசக் கடைசியில் சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாதாவுக்கு நேர்த்தியென்றால் நான் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக் கொடுப்பன், இவங்கள் பிடிச்சுக் குடுக்கிறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை" என்று அவர் புலம்புவது ஒரு நித்திய கருமம். பேசாலை வெற்றி அன்னையின் கோயிலில் உண்டியலோடு யாரும் வீட்டு வாசலுக்கு வந்ததில்லையாம்.

ஆனாலும் அவரே ஆவணி பிறக்கும் தறுவாயில் எங்களுக்கெல்லாம் யாத்திரைத் தலைவராகி விடுகிறார். ஒல்லாந்து எல்லையை ஒட்டிக் கேவலார் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1641ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அவ்வழியே நடந்து போன ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஊர்சுற்றி வியாபாரி, தனக்கு ஓர் ஆலயம் எழுப்பச் சொல்லும் குரலைக் கேட்டதாகவும், அடுத்த ஆண்டில் அங்கே மாதாவின் படம் ஒன்று வைக்கப்பட்டதாகவும் வரலாறு. அந்தப் படத்தைப் பார்த்தால் தாங்கள் நம்பமாட்டீர்கள். செப்புத் தகட்டில் செதுக்கிக் காகிதத்தில் அச்சிட்ட, உள்ளங்கை அளவேயான ஒரு துண்டு. அதைச் சுற்றிப் பொன்னும் மணியும் இழைத்து, மேலே ஒரு சிற்றாலயம் கட்டி, பக்கத்திலே பெரிய கோயிலும் எழுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் 10,000க்கு மேற்பட்ட தமிழர் இங்கே திரளுகிறார்கள். அவர்களில் நெற்றியில் விபூதியும் குங்குமமும் தரித்தவர்களுக்குக் குறைவில்லை. தமிழ்ப் பூசையின் பாட்டு ஒலிபெருக்கியில் எழுகையில், ஒருபுறம் மெழுகுதிரிப் புகையும் மறுபுறம் கொத்துரொட்டி வாசனையும் கலந்து வர, சிற்றாலயத்தை வலம் வந்து, எட்டித் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சனங்களை உள்ளூர் வெள்ளைக்காரர் சாளரத்தில் முழங்கையூன்றி நின்று பார்க்கிறார்கள். பொட்டு வைத்திருந்த உங்கள் தங்கச்சியிடம் ஒரு மூதாட்டி, நீ கத்தோலிக்கப் பெண்ணா என்று விசாரித்தாள். "இல்லை, ஆனால் மாதா எங்களுக்குத் தெரிஞ்சவ" என்று இவள் பதில் சொன்னாள்.

இதிலே நான் ரசித்த விஷயம் ஒன்றுண்டு. 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியதால் அல்லவா, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நம்மவர் காட்டுக்குள் ஓடி, அது மடுவில் நிலைபெற்றது? அதே ஒல்லாந்து தேசத்துக் கத்தோலிக்கரும் தங்கள் நாட்டில் பகிரங்கமாகப் பூசைகாண வழியில்லாத அந்நாளில் எல்லை தாண்டிக் கேவலாருக்கே வந்தார்களாம், இன்றும் வருகிறார்கள். அப்படி வந்திருந்த ஒருவரிடம் பேசாலைக்காரர் இந்தப் பழைய வழக்கை எடுத்து, 1670இன் பொருட்டு ஒரு கோப்பி வாங்கித் தரவேண்டும் என்று தீர்ப்பும் கூறி, வாங்கியும் குடித்தார்.

சைவர் நாங்கள் கேவலாருக்குப் போவதற்கு அவர் கைம்மாறு செய்யாமல் இருக்கலாமா? ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர் என்றால் பேசாலைக்காரர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்கிறார். 2002ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட அக்கோயிலின் கோபுரம் தொழிற்சாலைகளுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. அம்மன் தீர்த்தமாடுவதும் சரக்குக் கப்பல் போகும் கால்வாயில்தான்.

நமது தெருவிஷயத்துக்கு வருகிறேன். மேல்மாடியில் துருக்கியக் குடும்பம். நோன்பு காலத்தில் ஒருநாள் தட்டு நிறையப் பக்லாவா வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பலாகாது என்பது நம் வழக்கமாகையால் பயிற்றம் பணியாரம் வைத்து அனுப்பினோம். வெறும் பாத்திரத்தைத் திருப்பலாகாது என்பது துருக்கியர் வழக்கமும் ஆகையால் அது மறுபடி வந்தது. அந்தத் தட்டு யாருடையது என்பது இப்போது இரு வீட்டாருக்கும் மறந்துபோய்விட்டது.

கார்த்திகை விளக்கீட்டை அண்டி நொவம்பர் 11இல் புனித மார்ட்டின் திருநாள் வருகிறது. குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலாடையைப் பாதி கிழித்துக் கொடுத்த உரோமைப் போர்வீரரை நினைந்து, சிவப்புப் போர்வை பூண்ட ஒருவர் குதிரைமேல் முன்னே செல்ல, குழந்தைகள் தாங்களே ஒட்டிய காகிதக் கூண்டு விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு பின்னே போகிறார்கள். முடிவில் மனித உருவில் சுட்ட பணிஸ் ஒன்று தருகிறார்கள்; அதன் வாயிலே மண்ணாலான ஒரு சுங்கான் செருகியிருக்கும். நம் சின்னவன் அந்தச் சுங்கானைப் பல்லிடுக்கில் வைத்தபடி, விளக்கீட்டன்று தன் மார்ட்டின் விளக்கையும் வாசலில் தூக்கவேண்டும் என்று அடம்பிடித்தான், தூக்கினோம். பள்ளி விருந்துகளில்தான் சங்கடம்: வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவன் ஒருவன், ஹலால் கேட்பவள் ஒருத்தி, பன்றி இல்லாமல் பசியாறாதவர் பலர். கடைசியில் எல்லோர் தட்டிலும் உருளைக்கிழங்கு.

இதையெல்லாம் இங்குள்ள பெரியோர் 'சர்வமத சம்பாஷணை' என்று பெயரிட்டு, மண்டபம் எடுத்து, சட்டையில் பெயர்ச்சீட்டுக் குத்தி, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் ஒதுக்கி நடத்துகிறார்கள். நல்ல காரியம், தேநீரும் நன்று. ஆனால் மடுவுக்கு நம் சனம் யாரையும் புரிந்துகொள்ளப் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வயலில் பாம்பு என்று போனார்கள். சிங்களச் சனம் மாதாவைப் பத்தினித் தெய்வத்தோடு சேர்த்து நினைத்துக்கொண்டு வந்தது; அடுத்த மரத்தடியில் கூடாரம் அடித்தவன் யார் என்று நமக்கும் கவலையில்லை, உப்பு இரவல் கிடைத்தால் போதும். எனக்கு அந்த ஏற்பாடே உசிதமாகத் தோன்றுகிறது.

அதற்காக நம் ஊரைப் பொன்னுலகம் என்று இங்கே நான் பெருமை பேசுவதில்லை. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரத்து முஸ்லிம்கள் புலிகளால் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கியபோது வட்டிலப்பம் உண்ட வாய்களில் பெரும்பாலானவை திறக்கவில்லை. 2019இல் சிவராத்திரிக்கு முதல்நாள் கேதீச்சர வீதியின் அலங்கார வளைவுக்காகச் சைவரும் கத்தோலிக்கரும் பிணங்கிய படத்தைத் தொலைபேசியில் பார்த்த நானும் பேசாலைக்காரரும் இரண்டு நாள் ஒரே மேசையில் பேசாமல் உண்டோம். மூன்றாம் நாள் அவர் சம்பளத் துண்டை நீட்டினார். வழக்கமான புலம்பல் தொடங்கிற்று.

அவர் தங்களுக்கு ஒரு விண்ணப்பம் விடுக்கிறார். பாம்புக்கடிக்குக் காவலென்று நாம் வீட்டில் வைத்திருப்போமே, அந்த மடு மண்ணில் ஒரு பிடி வேண்டுமாம். இங்கே பாம்பு ஏது என்றேன். வரி அலுவலகத்துக் கடிதங்களை வைக்கும் இலாச்சிக்குள் போடுவதற்காம். வெளிநாட்டு மண்ணைத் தபாலில் எடுக்க இந்த நாட்டுச் சட்டம் இடங்கொடாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கிறாரில்லை. ஆகவே தாங்கள் மண்ணை அனுப்பவேண்டாம். திருவிழாவுக்குப் போகையில் அவர் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அதற்கு வரி பிடிக்கவில்லை என்று தங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமானது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்