மூன்றரை ஸ்லாட் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

கிராபிக்ஸ் கார்டே, உன்னைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவது? கேபினெட்டுக்குள் உன்னோடு குடியிருப்பவர்கள் எல்லாரும் அடக்க ஒடுக்கமானவர்கள். பிராசஸர் தன் சாக்கெட்டை விட்டு அசைவதில்லை. ராம் தனக்கு விட்ட வரிசையில் நிற்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கத் தெரிந்தவன் அங்கே நீ ஒருவன்தான்.

உன் பெருமை விளங்கப் பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். 1981-இல் ஐபிஎம் பிசி ஐந்து ஸ்லாட்டுகளோடு வந்தது. 1983-இல் வந்த எக்ஸ்டி அதை எட்டாக்கியது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வகுத்தபோது ஸ்லாட்டுகள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் இடையே 20.32 மில்லிமீட்டர், கேபினெட்டின் முதுகில் அதற்கு நேராக ஏழு திறப்பு என்று ஆனது. யார் செய்த போர்டும் யார் செய்த கேபினெட்டிலும் உட்காரும். சவுண்ட் கார்டோ மோடமோ நெட்வொர்க் கார்டோ, எது வந்தாலும் அதற்கென்று ஒரு வாசல் உண்டு. முன்பின் தெரியாத கம்பெனிகள் ஒன்றையொன்று நம்பி உருப்படியாகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஏழு வாசலையும் ஒரே வீட்டுக்காரருக்கு எழுதி வைக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை உனக்கே உரியது.

2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இன் ஏசஸ் ராக் ஸ்ட்ரிக்ஸ் வடிவத்தில்தான் உன் முழு அழகையும் பார்க்கிறேன். நீளம் 357.6, உயரம் 149.3, தடிமன் 70.1 மில்லிமீட்டர். பிசிஐ எக்ஸ்பிரஸ் விதி முழு நீளக் கார்டுக்கு 312 மில்லிமீட்டர் நீளமும் சுமார் 111 மில்லிமீட்டர் உயரமும் வகுத்திருந்தது. வகுத்தவர்களுக்கு உன் வளர்த்தி தெரியவில்லை. செருகுவதென்னவோ ஒரே ஸ்லாட்டில்தான், அடைப்பது மூன்றரை. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் மொத்தமே நான்கு ஸ்லாட். மூன்றரையை நீ எடுத்துக்கொண்டு, மிச்சம் அரையைப் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கிறாய். அந்த அரையில் ஒரு சின்ன நெட்வொர்க் கார்டைக்கூடச் செருக முடியாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அந்த அரையையும் உனக்கே காணிக்கையாக்கிவிடுகிறார்கள்.

கணக்குப் பாடம் நடத்துவதிலும் உனக்கு நிகரில்லை. கேபினெட் பெட்டியில் ‘கிராபிக்ஸ் கார்டு 400 மில்லிமீட்டர் வரை’ என்று போட்டிருக்கும். வாங்குகிறவர் அதை நம்புவார். முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டரை மாட்டினால் அதற்கு 27, விசிறிக்கு 25, ஆக 52 போய்விடும். மீதி 348. உனக்கோ இன்னும் பத்து வேண்டும். பத்து மில்லிமீட்டருக்காக ஒரு புதுக் கேபினெட்! நீளத்தில் தப்பித்தவர்களையும் நீ விடுவதில்லை, உயரத்தில் வைத்துப் பரீட்சை எழுத வைக்கிறாய். பவர் கேபிளை உன் தலையில் செருகி, 35 மில்லிமீட்டர் நேராக விட்டு, அதற்குப் பிறகே வளைக்க வேண்டும் என்றார்கள் கேபிள் செய்கிறவர்கள். 149-உம் 35-உம் சேர்ந்தால் 184. பக்கக் கண்ணாடி மூடவில்லை என்றால் உள்ளங்கையால் அழுத்தி மூடுவார்கள். அப்போது கேபிள் மடங்கும். 2022 அக்டோபரில் அந்த பிளக்குகள் உருகிய படங்கள் வெளிவந்தன. சரியாக அழுத்திச் செருகாததுதான் பொதுவாகக் காணும் காரணம் என்று உன் சிப்பைச் செய்த என்விடியா நவம்பரில் விளக்கியது. குற்றம் செருகிய விரலுக்குப் போயிற்று. உன் புகழுக்கு ஒரு கீறலும் இல்லை.

உன் கனத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு கிலோவைத் தாண்டுகிறாய். பிளாஸ்டிக் ஸ்லாட் தாங்காது என்று போர்டுக்காரர்கள் அதற்கு இரும்புக் கவசம் பூட்டினார்கள். அதுவும் போதாமல் உன் பெட்டிக்குள்ளேயே ஒரு முட்டுக்கட்டையும் வைத்து அனுப்புகிறார்கள். பல்லாயிரம் ரூபாய்ப் பொருளோடு முட்டுக்கட்டையையும் இலவசமாகத் தரும் தாராளம் வேறு எவருக்கு வரும்?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நீ காக்கும் ரகசியம். ஸ்லாட்டின் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. அதை அழுத்தினால்தான் உன்னைக் கழற்ற முடியும். உன் உடம்பு அதை முழுக்க மூடிவிடுகிறது. கூலருக்கும் உனக்கும் நடுவே விரல் நுழையாது. ஸ்கேலையோ பென்சிலையோ விட்டுத் துழாவுகிறார்கள். ஸ்குரூடிரைவரை விட்டவர்கள் போர்டைக் கீறிக்கொள்கிறார்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன் வைத்து, அந்தக் கொக்கியைத் தூரத்திலிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டைப் போர்டுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். நோய் உன்னுடையது, மருந்துச் செலவு அவர்களுடையது. உனக்குக் கீழே ஸ்லாட் வைத்தும் பயனில்லை என்று தெரிந்து, அந்த இடத்தில் எம்.2 எஸ்எஸ்டியைப் படுக்க வைத்தார்கள். உன் வெப்பத்துக்கு அடியில் அது வேகிறது. அதை மாற்ற வேண்டுமானால் முதலில் உன்னைக் கழற்ற வேண்டும். உன்னைக் கழற்ற அந்தக் கொக்கியைத் தேட வேண்டும்.

இத்தனையும் உன் வலிமைக்குத் தவிர்க்க முடியாத விலை என்றுதான் உன் அடியார்கள் சொல்லிவந்தார்கள். 450 வாட்டைக் குளிர்விக்க இவ்வளவு உடம்பு வேண்டாமா என்று கேட்டார்கள். 2025 ஜனவரியில் உன் தம்பி ஆர்டிஎக்ஸ் 5090 வந்தான். அவனுக்கு 575 வாட். என்விடியாவே செய்த ஃபவுண்டர்ஸ் எடிஷன் 304 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டே ஸ்லாட்டுக்குள் அடங்கியது. அந்தச் சிறுமை உன் குலத்துக்கு ஒட்டாமல் ஏசஸ் பார்த்துக்கொண்டது. அதே 5090-ஐ ராக் அஸ்ட்ரல் என்ற பெயரில் 76 மில்லிமீட்டருக்குத் தடிக்க வைத்து 3.8 ஸ்லாட் ஆக்கிவிட்டது. நான்கைத் தொட இன்னும் ஐந்து மில்லிமீட்டர்தான் பாக்கி.