புள்ளி வைத்த முகங்கள்

1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸில் ஒளி தெறிக்காமலிருக்க ஒரு பூச்சைக் கண்டுபிடித்தார். பாவம், வருங்காலம் தெரியாத மனிதர். ஒளி தெறித்தே ஆகவேண்டும் என்று பழைய லென்ஸ் தேடி அலைகிறது இன்றைய தலைமுறை.

விவரமறிந்தவர்கள் சோவியத் காலத்து ஹீலியாஸ் 44 லென்ஸை வாங்குகிறார்கள். அதில் முகத்துக்குப் பின்னால் உள்ள மரம் மட்டையெல்லாம் சுழலும். அன்று குறை, இன்று அதற்குத்தான் காசு.

சினிமா ஃபிலிமில் விளக்கொளி கசியாதிருக்க, கோடாக் பின்புறம் கரிப்பூச்சு பூசியது. அதை நீக்கிவிட்டு வந்ததுதான் சினிஸ்டில் 800டி. தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் இலவசம். இருப்பதை எடுத்துவிட்டு மதிப்பைக் கூட்டுவது லேசான வித்தையா?

அடுத்த கட்டம், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுப்பது. முழு இருட்டு, முழுப் பழமை. கல்யாணப் படமென்றாலும் மணமக்கள் மறுக்கமாட்டார்கள்.

ஃபிலிமுக்கு வசதியில்லாதவர்களை லைட்ரூம் மென்பொருள் கைவிடவில்லை. பளிச்சென்ற டிஜிட்டல் முகத்தில் பழைய ஃபிலிம் போலப் புள்ளி தூவ அதில் தனி ஸ்லைடர் உண்டு. புள்ளியை அகற்றவும் அதிலேயே இன்னொன்று இருக்கிறது. அது, சுவரில் தொங்கும் தாத்தாவின் பழைய படத்தைப் புதுசாக்க. பழசாக்கவேண்டிய பேரன் படத்தோடு சேர்த்தே ஸ்டுடியோவில் கொடுக்கலாம். ரசீது மட்டும் இரண்டு.